ராஜா எதுக்கு என்று கேட்டாயே

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில், "டவர் ஆஃப் லண்டனில் கிரீடமெல்லாம் பார்த்தேன்மா, இந்தக் காலத்திலும் இவங்களுக்கு எதுக்கு ஒரு ராஜா?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ராஜா வேண்டாம் என்று இங்கிலாந்துக்காரர்களே ஒரு தடவை முடிவு செய்து, 11 வருஷம் இல்லாமலும் இருந்து பார்த்துவிட்டார்கள். அப்புறம்தான் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி போடக்கூடாது என்று 1689-ல் சட்டமெழுதி மூக்கணாங்கயிறும் போட்டார்கள்.

ராஜாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை முற்றியது 1642 ஜனவரி 4-ம் தேதி. அப்போதைய ராஜா முதலாம் சார்லஸ் ஆயுதக்காரர்களை வாசலில் நிறுத்திவிட்டு, ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யக் காமன்ஸ் சபைக்குள், அதாவது நாடாளுமன்றத்தின் மக்கள் சபைக்குள், நுழைந்தார். அவர்களோ முன்பே தப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்குச் சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, இந்தச் சபை சொல்லாமல் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். மண்டியிட்டபடியே மாட்டேன் என்றாரே! வகுப்பில் இந்த இடம் வந்தால் எனக்கே உற்சாகம் வந்துவிடும்.

நாடாளுமன்றத் தொடக்க நாளில் ராஜா பிரபுக்கள் சபையில்தான் உட்காருவார். காமன்ஸ் உறுப்பினர்களை அழைத்துவர 'பிளாக் ராட்' என்ற அதிகாரி போவார். 1642-ஐ மறக்கவில்லை என்று காட்ட, அவர் முகத்திலேயே கதவை அறைந்து சாத்துவார்கள். அவர் கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறப்பார்கள். ராஜா பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் எம்.பி. அரண்மனையில் பிணையாக இருப்பார். ராஜா படிக்கும் உரையை எழுதுவதோ அமைச்சர்கள். கிரீடம் வைத்துக்கொண்டு அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் உத்தியோகம், பாவம்.

கிரீடங்களோடு ஒரு கரண்டியும் இருக்குமே, கவனித்தாயா? சார்லஸின் தலையை வெட்டியபின் பழைய கிரீடங்களை உருக்கிவிட்டார்கள். 12-ம் நூற்றாண்டுக் கரண்டியை மட்டும் அரண்மனை ஊழியர் ஒருவர் 16 ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, அவர் மகன் இரண்டாம் சார்லஸ் ராஜாவாகத் திரும்பி வந்ததும் திருப்பிக் கொடுத்தார். 2023-ல் முடிசூட்டும்போது மூன்றாம் சார்லஸுக்குத் திருத்தைலம் பூசியதும் அந்தக் கரண்டியால்தான். நீ பார்த்த செயின்ட் எட்வர்ட் கிரீடம் 1661-ல் புதிதாகச் செய்தது.

அடுத்த லீவு நாளில் வைட்ஹால் தெருவில் பேங்க்வெட்டிங் ஹவுஸ் என்ற பழைய அரண்மனை விருந்து மண்டபத்தைப் பார். உள்ளே விட்டால் மேற்கூரையை அண்ணாந்து பார். தன் அப்பாவைத் தேவர்கள் மேலே தூக்கிப்போவதாக ரூபன்ஸ் என்ற ஓவியரிடம் சொல்லி வரையவைத்தவர் முதலாம் சார்லஸ். 1649 ஜனவரி 30 அன்று அதே கூரைக்கடியில் நடந்துதான் வெளியே கொலைமேடைக்குப் போனார். குளிரில் நடுங்கினால் பயந்துவிட்டதாக நினைப்பார்கள் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டாராம். அவர் செய்ததெல்லாம் சரியில்லைதான், ஆனாலும் இதைப் படித்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு நடந்தே போகலாம். வாசலில், சார்லஸை எதிர்த்துப் போரிட்டு, ராஜா இல்லாத காலத்தில் நாட்டை ஆண்ட கிராம்வெல்லின் சிலை நிற்கும். 1661-ல் அவருடைய பிணத்தைத் தோண்டித் தூக்கில் போட்டார்கள், 1899-ல் சிலை வைத்தார்கள்! எதிரே செயின்ட் மார்கரெட் தேவாலயச் சுவரில் சார்லஸின் மார்பளவுச் சிலை இருக்கிறது. இரண்டும் ஒரே போட்டோவில் விழுகிற மாதிரி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா