பத்தில் பத்துப் போனால் அணுவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், குளோரீன் அணு ஓர் இலத்திரனைப் பெற்றுத் தன் சமதானியாக மாறும் என்று அச்சாகியிருக்கிறது. தாங்கள் அறியாததல்ல: இலத்திரன் கூடினாலோ குறைந்தாலோ கிடைப்பது அயன். கருவிலுள்ள நியூத்திரன் எண்ணிக்கை வேறுபட்டால்தான் சமதானி. குளோரீன் கருவில் எப்போதும் 17 புரோத்தன். கூட 18 நியூத்திரன் இருந்தால் குளோரீன்-35, 20 இருந்தால் குளோரீன்-37. இரண்டின் இரசாயன இயல்பும் ஏறத்தாழ ஒன்றே. இலத்திரன் 17 இலிருந்து 18 ஆகி, 2,8,7 என்ற நிலையமைப்பு (ஒவ்வொரு சக்தி மட்டத்திலும் எத்தனை இலத்திரன் என்பது) 2,8,8 ஆனால் கதையே வேறு. குளோரீன் வாயு மூச்சை அடைக்கும் நஞ்சு. குளோரைட்டு அயனையோ உப்பாகத் தினமும் சோற்றோடு உண்கிறோம்.

அதே பக்கத்தில் 'திணிவெண் 35.5 கொண்ட குளோரீன் அணு' வேறு. அந்த அரை நியூத்திரனை எந்தக் கடையில் வாங்கினார்களோ! திணிவெண், புரோத்தனையும் நியூத்திரனையும் எண்ணிக் கூட்டி வருவது, பின்னமாக வராது. இயற்கையில் நான்கு குளோரீன் அணுக்களில் ஏறத்தாழ மூன்று 35, ஒன்று 37. கூட்டி நான்கால் வகுத்தால் 35.5. அது சராசரி, சார் அணுத்திணிவு.

இது முதல் தடவையென்றால் பேனையை எடுத்திருக்க மாட்டேன். நியூத்திரனை ரதபோட் கண்டுபிடித்ததாக ஒருமுறை எழுதினீர்கள். அது 1932இல் சட்விக் கண்டது. டைனோசர் எலும்பின் வயதைக் காபன்-14 கொண்டு கணித்ததாக இன்னொருமுறை. காபன்-14இன் அரைவாழ்வுக்காலம், அதாவது இருப்பதில் பாதி அழிய எடுக்கும் காலம், 5730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டில் நானூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. டைனோசர்கள் அழிந்ததோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். சோடியம் ஓர் இலத்திரனை இழந்ததும் நேயன் ஆகிவிடும் என்று எழுதியதையும் மறக்கவில்லை. நேயனைப் போல இலத்திரன் பத்தானாலும் புரோத்தன் பதினொன்று, அது சோடியம் அயன்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, அணுவின் விட்டம் '10-10 மீற்றர்' என்று வந்தது. அடுக்காக மேலே ஏறவேண்டிய -10 கீழே இறங்கிவிட்டது. பத்தில் பத்துப் போனால் பூச்சியம். தங்கள் பத்திரிகையின் கணக்கில் அணுவே இல்லை!

இந்தியத் தளங்களிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள் போலும்: ஒரு பந்தியில் 'எலக்ட்ரான்', அடுத்ததில் 'இலத்திரன்'. 'எலக்ட்ரான்' என்ற சொல்லில் பிழையில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் சாதாரண தர வினாத்தாளில் வருவது இலத்திரனும் சமதானியும்தான். எலக்ட்ரானையும் இலத்திரனையும் வேறு வேறு பொருளென்று எண்ணிப் பிள்ளை குழம்பினால் புள்ளி போவது தங்களுக்கல்லவே.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பக்கம் வடிவமைக்கும் தம்பியிடம் அடுக்கெண்ணை மேலே ஏற்றும் பொத்தானையும் காட்டிவிடுங்கள்.

இங்ஙனம்,
இரசாயனவியல் ஆசிரியர் (ஓய்வு),
வெள்ளவத்தை, கொழும்பு 06.