தோட்ட முன்பள்ளிப் பெற்றோர் நலன்புரிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசிரியை அவர்களே, வந்திருக்கும் சில அங்கத்தவர்களே,

தைப்பொங்கல், நவராத்திரி பூசை, ஒக்டோபர் 1 சிறுவர் தினம் மூன்றும் வழமைபோல் நடந்தன. சிரமதானம் இரு தடவை. இரண்டாவதில் ஆட்களைவிட மண்வெட்டிகள் அதிகம்.

அடுத்தது பல் ஒத்திகை, அதாவது பல் டொக்டரிடம் போகுமுன் பிள்ளைகளை இங்கேயே கதிரையில் பழக்குவது. "பல்லைப் பார்க்க டொக்டர் இருக்கார், நமக்கெதுக்குக் கதிரை?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

சாமான்கள்: பழைய சாய்வுக் கதிரை, டோச் லைட், முகக்கவசம், கையுறை, பல் தைத்த துணிக் கரடி, பிள்ளைக்கு ஒன்றாக பிளாஸ்டிக் வாய்க்கண்ணாடி. ஒரே கண்ணாடியைப் பல வாய்களில் வைக்க முடியாது. செலவு கூடியது அதனால்தான். முறை நாம் கண்டுபிடித்ததல்ல. முதலில் சொல், பிறகு காட்டு, அப்புறம் செய் என்று 1959 இலேயே அடல்ஸ்டன் என்ற பல்வைத்தியர் எழுதிவிட்டார்.

முதல் புதன் கரடியின் பல்லை எண்ணுவது. அடுத்த புதன் தன் பல்லைத் தானே கண்ணாடியில் பார்ப்பது. மூன்றாவது வாரம்தான் சாய்வது. முகக்கவசத்தைப் பிள்ளை பார்த்திருக்கும்போதே போட வேண்டும். போட்டுக்கொண்டு வந்து நின்றால் பிள்ளை கதவைத்தான் பார்க்கும். வெளிச்சம் முதலில் உள்ளங்கையில், பிறகு மோவாயில், கடைசியில் வாய்க்குள். கண்ணில் பட்டால் அன்றைய ஒத்திகை அவ்வளவுதான். நம் குளிருக்குக் கண்ணாடி உதட்டில் சுரீரென்று படும், மூச்சுப்பட்டு மங்கியும் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்துத் துடைத்தால் இரண்டும் சரி. சளியால் மூக்கடைத்த பிள்ளையை அன்று விட்டுவிடுங்கள். மூச்சு முட்டி உதைப்பதைப் பயம் என்று நாம் அதட்டுகிறோம்.

பத்து எண்ணும்வரை வாயைத் திற என்றால் பத்தோடு நிறுத்த வேண்டும். பதினொன்று என்று இழுத்தால் அடுத்த முறை ஒன்றுக்கே வாய் மூடும். பிள்ளை இடது கையைத் தூக்கினால் நிறுத்துவதும் அப்படியே.

மூன்று வயதுக்குக் கீழென்றால் கதிரையே வேண்டாம். அம்மாவும் டொக்டரும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்து, பிள்ளையை அம்மாவைப் பார்க்க வைத்துத் தலையை டொக்டர் மடியில் சாய்த்தால் போதும். அழட்டும், வாய் தானாகத் திறக்கும்.

ஆறு வாரம் பழக்கியதை வீட்டில் ஒரே வார்த்தையில் கெடுக்கிறார்கள்: "சொல் கேக்காட்டி பல் டொக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லுவேன்." "வலிக்காது" என்பதும் உதவாது, பிள்ளை காதில் விழுவது வலி மட்டும். "பல்லைத் தூங்க வைப்பாங்க" என்றால் போதும். ஊசிக்கு முன் டொக்டர் ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, மரக்கும் ஜெல்லைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். எச்சிலில் கரைந்தால் ஊசி சுள்ளென்று தெரியும். ஆகவே அங்கே நின்று அவசரப்படுத்தாதீர்கள். உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். டவுனில் வடை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை உதட்டையும் சேர்த்துக் கடிக்கும். மறுநாள் வீங்கினால் பழி டொக்டருக்கு.

காலைநேரமே பிள்ளைக்கு நல்லது. அம்மாவுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பதும் தெரியும். அதற்காகத்தான் முறை வைத்து இரண்டு பெற்றோர் வரும்படி பட்டியல் போட்டேன். பல புதன்கிழமைகளில் ஆசிரியையும் கரடியும் மட்டுமே இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை, உரியவர்களுக்கே தெரியும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. சில பற்றுச்சீட்டுகள் மழையில் நனைந்துவிட்டன. மீதி பொருளாளரிடம் உண்டு. மாதச் சந்தா 50 ரூபா. நிலுவையில் இருப்போர் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது, அதையும் யாரோ கிழித்திருக்கிறார்கள்.

தலைவர், ஆசிரியை, கரடிக்குப் பல் தைத்த அக்கா, கதிரை தந்த அண்ணன் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பதவிக்கு வேறொருவர் வந்தால் மகிழ்ச்சியே. யாரும் வராவிட்டால் பார்க்கலாம். கதிரையின் துணி நடுவில் கிழிந்துவிட்டது. நிலுவையில் நாலைந்து பேர் இன்று கட்டினாலும் ஜூன் மழைக்கு முன் தைத்துவிடலாம். பொருளாளர் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

செயலாளர்