புறப்படுவதற்கு முன்னால்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அவசரமில்லாமல் படி.

போன மாதம் உன் வீட்டில் 10 நாள் இருந்தேனே, அப்போது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மிஷனெரிப் பயிற்சி வகுப்பில் இருந்தாய். சின்னவன் ஒரு காலில் ஷூ போட்டு, இன்னொரு ஷூவைக் கையில் பிடித்தபடி கதவுக்கு வெளியே வந்து நின்றான். கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "பாட்டி, நீங்க கட்டிவிடுறீங்களா?" என்று காலை நீட்டினான். அப்பா அறைக்குள் இருந்தால் தட்டக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அவனாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. நீ வயிற்றில் இருக்கும்போதே உன்னை ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்து ஜெபித்தவள் நான். உன் அழைப்பைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் வேலையை விட்டு மிஷனெரியாகப் பணித்தளத்துக்குப் போக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்கிறாய். அந்த இரண்டு வருஷத்தை எப்படியாவது கடந்தால் போதும் என்பதுபோல நீ இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"எப்படியும் விடப்போகிற வேலைதானே" என்று அன்று சொன்னாய். அது எனக்கு வருத்தமாக இருந்தது, மகனே. பவுல் கொரிந்துவுக்குப் போனபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அவர்களோடு சேர்ந்து கூடாரம் பண்ணினார். அந்த ஊரில் 18 மாதம் இருந்தார். மக்கெதோனியாவிலிருந்து சகோதரர்கள் வந்து அவருடைய குறைவை நிறைவாக்கினார்கள். அதுவரைக்கும் அவர் கை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவர் தைத்த கூடாரம் மழையில் ஒழுகியிருந்தால் யார் அவர் பேச்சைக் கேட்டிருப்பார்கள்?

ஆகவே கடைசி நாள் வரைக்கும் ஒழுங்காக வேலை செய். வகுப்புக்காக உடம்பு சரியில்லை என்று லீவு எடுக்காதே. உண்மையான காரணத்தைச் சொல்லி எடு, கொடுக்காவிட்டால் அந்த வகுப்பை விட்டுவிடு. ஆபீஸ் நேரத்தில் பாடம் படிக்காதே, அது உன் நேரமில்லை. விலகும்போது நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, உனக்குப் பின்னால் வருகிறவருக்கு எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துவிட்டு வா. மிஷனெரி என்று சொன்னால் விசா கொடுக்காத நாடுகள் பல இருக்கின்றன. அங்கே உன் தொழிலே உனக்கு வாசலாக இருக்கலாம். அப்புறம், கடன். கடனோடு வருகிறவர்களைப் பல மிஷனெரி ஸ்தாபனங்கள் அனுப்புவதில்லை, அது நியாயமும்தான். வீட்டுக் கடனை என்ன செய்யப்போகிறாய் என்று இப்போதே கணக்குப் போடு.

இனி சொல்லப்போகிறதுதான் எனக்கு முக்கியம்.

வில்லியம் கேரியைப் பற்றி ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பாய். செருப்புத் தைத்துக்கொண்டே மொழிகள் படித்தவர், வங்காள மொழியில் வேதாகமத்தைக் கொடுத்தவர். அவர் மனைவி டாரதியைப் பற்றி நமக்கு யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. கேரி இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மிஷனெரியாகப் புறப்படத் தீர்மானித்தபோது அந்த அம்மாள் வரமாட்டேன் என்றாள். நிறைமாதம் வேறு. மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். கப்பல் தாமதமானதால் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார்கள். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு 1793-ல் கப்பல் ஏறினாள். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவள் மனநிலை கலங்கிவிட்டது. 1807-ல் சாகும்வரை தெளியவே இல்லை. கேரியைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த அம்மாளை நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

உன் மனைவி "சரி" என்று சொல்லிவிட்டாள் என்றாய். எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று யோசித்துப் பார். நான் அங்கே இருந்தபோது அடுப்படியில் அவளிடம் கேட்டேன். "அவருக்குக் கர்த்தர் சொல்லியிருக்கிறார், நான் என்ன சொல்வது அத்தை?" என்றாள். அது சம்மதம் இல்லை, மகனே. அவளுக்கும் வேலை இருக்கிறது, அவளுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், அவளும் ஜெபிக்கிறவள்தான். ஸ்தாபனத்தின் நேர்முகத்தில் அவளையும் தனியாகக் கேட்பார்கள். அங்கே போய் முதல்முறையாக அவள் மனதில் இருப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டாம். வாரத்தில் ஒரு சாயங்காலம் வகுப்பு, கூட்டம் எதுவுமில்லாமல் அவளோடு உட்கார். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் வசனம் சொல்லி அடக்காதே. அவளுக்கு ஒரு வருஷம் அதிகம் தேவைப்பட்டால் ஒரு வருஷம் காத்திரு.

இதை உரிமையோடு சொல்கிறேன், ஏனென்றால் நானே தவறியிருக்கிறேன். உனக்கு எட்டு வயதில் கடுமையான காய்ச்சல். அன்று உபவாச ஜெபக் கூட்டத்தை நான் நடத்த வேண்டியிருந்தது. உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய், கூப்பிட்டும் திரும்பவில்லை. என் இடத்தில் வேறு யாராவது அந்தக் கூட்டத்தை நடத்தியிருக்கலாம். எனக்கு அது அன்று தோன்றவில்லை.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனாலும் உன் தங்கையிடம் பேசு. அவள் பார்த்துக்கொள்வாள் என்று நீயாக முடிவு செய்யாமல், அவளால் என்ன முடியும் என்று கேள். அப்பாவின் மருந்து, எங்கள் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுகிறேன். முதலில் மருமகளிடம் கொடு, அப்புறம் சின்னவனிடம். நாம் கடைசியில் பேசலாம்.

ஜெபத்துடன்,
அம்மா