ஊசி போடும் கை

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உன் அண்ணிக்கு வாரம் 3 முறை ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் வழக்கம்போல் நடக்கிறது.

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக உன் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் புதிதாக வைத்த பிஸ்துலாவில், ஊசி ரத்தக்குழாயின் மறுபுறத்தையும் துளைத்து, கை கறுத்து வீங்கியதாக எழுதியிருந்தாய். புது பிஸ்துலாவின் சுவர் மெல்லியதாக இருப்பதால் தொடக்கத்தில் பலருக்கும் இப்படி நேர்வதுண்டு. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியும், மறுநாளிலிருந்து இதமான வெந்நீர் ஒத்தடமும் போதும். வீக்கம் வடியும்வரை அந்த இடத்தில் ஊசி ஏற்ற வேண்டாமென்று மிஸியிடம் (தாதியிடம்) சொல். காலையும் மாலையும் பிஸ்துலாவின் மேல் விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார். அது நின்றுபோனால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆனால் நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. வலி தெரியாத இடத்திலேயே குத்தச் சொல்லிக் கேட்கிறாயே, அதை உடனே விட்டுவிடு. ஒரே பகுதியில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே உணர்வு மரத்து வலி குறைவது உண்மைதான். கூடவே ரத்தக்குழாயின் சுவர் தளர்ந்து புடைத்து, மேல்தோல் மெலிந்து பளபளக்கத் தொடங்கும், அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உன் அண்ணிக்குப் புடைப்பு தெரிந்ததும் ஈப்போவுக்கு அழைத்துச் சென்று அறுவை மருத்துவரிடம் காட்டினோம். அதன்பின் ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளியே குத்துகிறார்கள். ஒரே துளையில் மழுங்கிய ஊசி ஏற்றும் முறையும் உண்டு என்றாலும், அதற்குத் துளையும் கோணமும் சிறிதும் மாறக்கூடாது, பொருக்கை ஒவ்வொரு முறையும் முழுதாக நீக்க வேண்டும். இல்லையேல் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

இன்னொன்று, டயாலிசிஸ் நடக்கும்போது குளிருக்காகப் போர்வையால் அந்தக் கையை மூடாதே. இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை ஓட்டுகிறது. அதை உடலுக்குள் திரும்ப ஏற்றும் ஊசி கழன்றால் சில நிமிடங்களில் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறிவிடும், அலாரம் எப்போதும் ஒலிக்கும் என்று நம்ப முடியாது.

வீக்கம் எவ்வளவு வடிந்தது என்று எழுது. அடுத்த டயாலிசிசுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே; அண்ணியும் அதையே சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் தோட்டத்து நண்பன்