புயல் சேறும் நாம் செய்ய வேண்டியதும்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். புயல் வெள்ளத்துக்குப் பிறகு, வடசென்னையில் எங்கள் எர்ணாவூர்ப் பக்கம் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டுக்குள் சேறு அப்படியே கிடக்கிறது. சுத்தம் செய்யக் காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாய். கட்டாயம் வா. ஆனால் எதை முதலில் தொட வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடு. வரிசை மாறினால் ஒரே வீட்டை இரண்டு முறை கழுவ வேண்டிவரும். அதைவிட, யாருக்காவது அடிபடும்.

முதலில் கரண்ட். மெயின் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. மூழ்கிய மோட்டாரைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சிலர் நிற்பார்கள். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியில், அதாவது வைண்டிங்கில், ஈரம் இருக்கும்போது போட்டால் அது எரிந்துபோகும். வைண்டிங் கடையில் காயவைத்தால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். விழுந்த மரத்தில் வயர் மாட்டியிருந்தால் அது மின்வாரிய ஆட்கள் வந்து பார்க்க வேண்டிய வேலை, நம் பிள்ளைகள் கிட்டேயே போக வேண்டாம்.

எனக்கு அதிகம் கவலை கூரை ஷீட்தான். இங்கே பாதி வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ். உடைந்த ஷீட்டைக் காய்ந்த நிலையில் பெருக்கினாலோ சுத்தியலால் நொறுக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் கிளம்பி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். பல வருஷம் கழித்துத்தான் நோய் தெரியும். அதனால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட வேண்டும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், துண்டுகளைக் கையால் பொறுக்கித் தடித்த பாலிதீனில் கட்டித் தனியாக வைக்க வேண்டும். என்95 மாஸ்க் இல்லாதவர் இந்த வேலைக்கு வேண்டாம், துணி மாஸ்க் இதற்குப் போதாது. ஷீட் மேல் யாரையும் ஏற்றாதே. நனைந்த ஷீட் ஆள் கனம் தாங்காது.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் கட்டிதட்டிவிடும், பிறகு தூசியாகப் பறக்கும். ஒரு லிட்டர் சேறு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது, பாண்டு சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பினால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் இடுப்பு விட்டுவிடும். சந்து குறுகல் என்பதால் வரிசையாக நின்று கைமாற்றுவதுதான் வசதி. சந்து முனையில் சேற்றை ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி நிற்கட்டும். தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது. சேறு உள்ளே போய் அடைத்து, கழிவுநீர் திரும்ப அந்த வீடுகளுக்கே வரும், திறந்த குழியில் ஆளும் விழுவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது உனக்கு நினைவிருக்கும். அந்த மாதிரிப் பிசுக்கு எங்காவது தென்பட்டால் அந்தச் சேற்றை மற்றதோடு கலக்கக் கூடாது. மரத்தூள் போட்டு ஊறவைத்து அள்ள வேண்டும், சோப்புத் தண்ணீர் விட்டுக் கால்வாயில் தள்ளக் கூடாது. சாதா ரப்பர் கையுறை எண்ணெயில் ஊதிக் கிழிந்துவிடும், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் கையுறை வாங்கி வா.

கழுவி முடித்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேல் தூவினால் அது வீண்தான். தரைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம். மூட்டையைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏறவில்லை என்றால் பவுடர் செத்துப்போனது. பாத்ரூம் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே வாளியில் வைக்கவே கூடாது. குடிநீர்த் தொட்டி என்றால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் யாரையும் இறக்காதே, உள்ளே மூச்சு முட்டும்.

எதையும் கேட்காமல் குப்பையில் போடக் கூடாது, செல்வி. நமக்கு நாறுகிற மெத்தை, அதற்குள்தான் அந்தம்மா பணம் வைத்திருப்பாள். நனைந்த பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எதுவானாலும் வெயிலில் போடாமல், பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து நிழலில் உலர்த்தச் சொல். தூக்கிப்போடும் முன் ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்துக் கொடுத்தால் நிவாரணம் கேட்கும்போது அவர்களுக்கு உதவும். குப்பைக் குவியல் மழைநீர் வடிகால் வாயிலோ டிரான்ஸ்பார்மர் பக்கத்திலோ இருக்கக் கூடாது. அடுத்த மழை வந்தால் அதுவே அடைப்பு.

எல்லோரும் டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டுக்கொண்டு வரட்டும். இங்கே எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் புண் இருக்கிறவரைச் சேற்றில் இறக்காதே. அதைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை தேவையா என்று ஒரு டாக்டரிடம் கேட்டுவிடு. கம்பூட், மம்முட்டி, குடிதண்ணீர், மத்தியானச் சாப்பாடு எல்லாம் நீங்களே கொண்டுவாருங்கள், இங்கே எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை தெரியும் என்று முன்னாடியே எழுது, வீடு வாரியாகப் பிரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா