மீன் பிடிக்க டியூபா, கயாக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொங்குப் பகுதிக் குளங்களில் தூண்டில் போடுபவர்கள் மிதவை டியூப் (நடுவில் உட்கார்ந்து மிதக்கும் காற்றடைத்த வளையம்) வாங்குவதா, கயாக் (குறுகலான சிறு துடுப்புப் படகு) வாங்குவதா என்று விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது காற்றை.

டியூபை பைக்கில் கட்டிக்கொண்டு போய்விடலாம். காலில் வாத்துக்கால் மாதிரித் துடுப்பு மாட்டிப் பின்பக்கமாக உதைத்து நகர்வதால் இரண்டு கையும் தூண்டிலுக்குத்தான். கால்கள் தண்ணீருக்குள் இருப்பதால் இளங்காற்று அவ்வளவாகத் தள்ளாது. ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்த்து அதில் கரை சேர்வது பெரும்பாடு. கயாக்கின் முனையைக் காற்றுக்கு நேராகப் பிடித்துத் துடுப்புப் போட்டால் வந்துவிடலாம்; அலைக்குக் குறுக்கே காட்டினால் கவிழும்.

டியூப் வீணாவது கருவேல முள்ளால் மட்டுமல்ல. விடிகாலையில் கல் மாதிரி காற்றடித்துவிட்டு, வெயில் ஏறியபின் கரையில் போட்டுவைத்தால் உள்காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து தளரும். அப்போது கொஞ்சம் ஊதிக்கொள்ளலாம். இரண்டு தனிக் காற்றறை உள்ளதையே வாங்குங்கள். லாரி டியூபுக்கு ஒரே அறை, ஓட்டை விழுந்தால் அதோடு சரி. வலை கட்டிய பக்கம் எந்த டியூபும் வேண்டாம், கால் சிக்கும்.

அமராவதி அணையில் முதலைகள் உண்டு. அங்கே காலைத் தொங்கவிடும் பேச்சே கூடாது; கயாக்கும் வேண்டாம். மற்ற அணைகளிலும் அனுமதி வாங்கிய பிறகே இறங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

– தூண்டில்காரர்கள், கோபிசெட்டிபாளையம்