படகுத்துறையைக் காப்பாற்றுங்கள்

ஐயா, இந்தியாவில் நிலக்கரி வெட்டத் தொடங்கியது 1774-இல், வங்கத்தின் ராணிகஞ்சில். 1836-இல் அங்குள்ள சுரங்கத்தை வாங்கியவர் துவாரகநாத் தாகூர், ஆமாம், கவி தாகூரின் தாத்தாதான். அப்போது ரயில் ஏது? தாமோதர் ஆற்றில் மழைத் தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து படகில்தான் கரியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், 1855-இல் ரயில் வந்த பிறகே அந்தப் பாடு தீர்ந்தது. அந்தக் காலத்துப் படகுத்துறையின் மிச்சம் ராணிகஞ்சுக்கு அருகே நாராயண்குரி என்ற ஊரில், தாமோதர் ஆற்றங்கரையில் இருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸில் 1980-இல் மூடிய பிக் பிட் சுரங்கத்தை மூன்றே வருடத்தில் அருங்காட்சியகமாக்கினார்கள், பழைய தொழிலாளிகளே வழிகாட்டிகளாக நம்மைக் கீழே கூட்டிப்போகிறார்கள். நம் படகுத்துறையிலும் அப்படியொரு அருங்காட்சியகம் செய்யலாமே! 1975-இல் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்கள் கதையும் அந்த அருங்காட்சியகத்தில் சொல்லப்பட வேண்டும். முதலில் அந்தத் துறைக்கு ஒரு வேலியாவது போடுங்கள்.

– ஒரு வாசகர்